ஐந்தாவது படம்

தூண்டில் முள்ளுக்குத் தன் முதலாளியை நினைத்தால் ஒரே பெருமை. "மீனைக் கொல்லவே மாட்டாரு. போட்டோ எடுத்துட்டுத் தண்ணியிலேயே விட்டுடுவாரு," என்று தக்கையிடம் ஓயாமல் சொல்லும். முன்பெல்லாம் வீசியதுமே கொடுவா மீன் கடிக்கும். அன்று பொழுது சாயும்போதுதான் ஒன்று மாட்டியது. அதன் வயிறு நிறைய முட்டை.

மீனைக் கையில் தூக்கிப் பிடித்து எடுத்த முதல் படத்தில் முதலாளியின் கண் மூடியிருந்தது. அடுத்ததில் தொப்பி முகத்தை மறைத்தது. ஐந்தாவது படம்தான் அவருக்குப் பிடித்தது. மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டுத் தூண்டிலை மறுபடி வீசினார்.

"பார்த்தியா, எவ்வளவு பத்திரமா விட்டாரு!" என்றது நீருக்குள் இறங்கிய முள்.

மேலேயிருந்து தக்கை கேட்டது: "மிதக்கிறது என் வேலைதானே? அந்தக் கொடுவா ஏன் என் பக்கத்துல வந்து மிதக்குது?"