மூன்றாவது செமஸ்டர்

பட்டப் படிப்பின் மூன்றாவது செமஸ்டரில் மட்டும் மதிப்பெண் ஏன் அப்படிச் சரிந்தது என்று, ரக்ஷிதா விண்ணப்பித்திருந்த லண்டன் சட்டக் கல்லூரி விளக்கம் கேட்டிருந்தது.

"டெங்குன்னு எழுதிடும்மா. யாரு வந்து பாக்கப் போறாங்க?" என்றார் அவள் அப்பா சேதுராமன்.

ரக்ஷிதா கேட்கவில்லை. உள்ளதை உள்ளபடி எழுத உட்கார்ந்துவிட்டாள். மறைக்க என்ன இருக்கிறது?

அந்த செமஸ்டர் தொடங்கிய வாரம், அவர்கள் குடியிருந்த அரபு நகரத்தின் அல் கூஸ் பகுதியில் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம் சரிந்து, உள்ளே நின்ற அருள்முருகன் மண்ணோடு போனார். சோனாப்பூர் தொழிலாளர் கேம்பிலிருந்து அன்று காலை கம்பெனி பஸ்ஸில் வந்த ஆள்.

சைட் இன்ஜினியர் என்று அப்பாவைப் போலீஸ் அழைத்துப் போனது.

"நான் எறங்கச் சொல்லலம்மா. அவனா எறங்கிட்டான்." சிறையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா அழுதுகொண்டே சொன்னது இது ஒன்றுதான்.

அதைப் பிடித்துக்கொண்டு அவள் ஓடினாள். அம்மா படுத்துவிட்டாள். வகுப்பு நேரமெல்லாம் கோர்ட்டு வராந்தாவில் கழிந்தது. பரீட்சை நடந்த ஒரு காலையில் அப்பாவின் பிரஷர் மாத்திரையோடு சிறை வாசலில் நின்றிருந்தாள்.

இறந்தவர் குடும்பம் மன்னித்தால் வழி பிறக்கும் என்றார் வக்கீல்.

அறந்தாங்கிப் பக்கத்துக் கிராமத்தில் இருந்த அவர் மனைவி உமாராணியை அவள்தான் அழைத்தாள். முதலில் அந்தம்மா போனை வைத்துவிட்டாள். அடுத்தடுத்த முறை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கப்பா இறங்கச் சொல்லவே இல்லக்கா என்று ரக்ஷிதா சத்தியம் செய்தாள். திரும்பத் திரும்பச் செய்தாள்.

ஒருநாள் உமாராணி மன்னிப்புப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். அப்பா வீடு வந்து சேர்ந்தார்.

தப்புச் செய்யாத ஒருவர் இன்னொரு முறை அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கக் கூடாது. சட்டம் படிக்க நினைத்தது அதனால்தான்.

மூச்சு விடாமல் எழுதி முடித்தாள். அருள்முருகனின் பெயரைப் போடலாமா என்று அவர் வீட்டில் கேட்க வேண்டும். அப்பாவிடம் சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். ஏசி வெளியே தள்ளிய அனல் முகத்தில் அடித்தது.

"போட்டுக்க பாப்பா, அதுக்கென்ன," என்றாள் உமாராணி. "என்ன படிப்புன்ன?"

"வக்கீல் படிப்புக்கா."

"அப்ப தெரிஞ்சுக்கிட்டே போ. அன்னைக்குப் பள்ளத்துக்கு மேல நின்னுதான் அவரு எனக்குப் போன் பண்ணாரு. மண்ணு ஈரமா இருக்கு, எறங்க மாட்டேன்னு சொல்லிட்டேன், சாரு எறங்கச் சொல்றாருன்னாரு. பின்னாடி உங்கப்பா சத்தம் போட்டது எனக்கே கேட்டுச்சு."

ரக்ஷிதா கம்பியைப் பிடித்தாள். வெயிலில் பழுத்திருந்த கம்பி. கையை எடுக்கத் தோன்றவில்லை.

"அப்புறம் ஏன்க்கா கையெழுத்துப் போட்டீங்க?"

"அப்பா இல்லாத புள்ள எங்க வீட்டுல ஒண்ணு போதும்னுதான்."

ரக்ஷிதா போனை வைத்தாள்.

அவள் உள்ளே வந்தபோது அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மடிக்கணினி முன் உட்கார்ந்திருந்தார். எழுதியதை முழுக்கப் படித்திருந்தார். கண் கலங்கியிருந்தது.

"நல்லா எழுதியிருக்கம்மா," என்றார்.

பிறகு, திரையிலிருந்து பார்வையை எடுக்காமல் கேட்டார்.

"அந்தம்மா வேற ஏதாவது சொன்னாங்களா?"

இத்தனை நாளில் உமாராணியைப் பற்றி அவர் எதுவுமே கேட்டதில்லை.

ரக்ஷிதா அப்பாவின் பின்னந்தலையைப் பார்த்தாள். சிறையிலிருந்து வந்த பிறகு முழுக்க நரைத்துப்போன தலை.

"இல்லப்பா," என்றாள்.

அவர் மெல்ல மூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது.