சாம்பல் மேட்டுக்கு ஒரு மனு

"சாம்பலையா கேக்கிறே? குப்பை எரிச்ச சாம்பலையா?"

அந்தமான் சர்க்கார் ஆபீஸில் எல்லோரும் 'படா பாபு' என்று அழைக்கும் தலைமை குமாஸ்தா கோவிந்தராஜ், மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதிரே நின்ற ஆரோக்கியசெல்வி பயந்துகொண்டே தலையாட்டினாள்.

"ஆமாங்கய்யா. மின்னி பே கடலோரத்துல எங்க வீட்டுக்குப் பின்னால மேடா கிடக்குல்லா, அது பூரா வேணும். மழை பிடிக்கதுக்குள்ள வேணும்."

போர்ட் பிளேர் குப்பையை வருஷக்கணக்காக அங்கேதான் எரிக்கிறார்கள். மேடு வீட்டுக் கூரையைத் தொடும் அளவுக்கு வளர்ந்துவிட்டது.

"எதுக்கு? ஊர்ப் பாத்திரம் எல்லாம் தேய்க்கப் போறியா?" என்றார் கோவிந்தராஜ். பக்கத்து மேஜைகளில் சிரிப்பு.

அவள் ஒரு துணி மூட்டையை அவிழ்த்து, மூன்று கறுப்புக் கட்டிகளை மேஜைமேல் வைத்தாள். ஒன்றைச் சாவியால் சுரண்டிக் காட்டினாள். உள்ளே செம்பு பளபளத்தது.

"சலிச்சா வருதுங்கய்யா. செம்பு, பித்தளை, ஈயம். சண்டைக் காலத்துல ஜப்பான்காரன் போட்டுட்டு ஓடுன கம்பி, பேட்டரி எல்லாம் குப்பையோட எரிஞ்சு உருகிக் கிடக்கு. மெட்ராஸ் வியாபாரிங்க இதை வாங்கி ஜப்பானுக்கே கப்பல் ஏத்துதாங்களாம். எங்க சித்தப்பா மகன் அங்க ஹார்பர்ல இருக்கான், அவந்தான் எழுதியிருக்கான்."

கோவிந்தராஜின் சிரிப்பு நின்றது.

"ஜப்பான்காரன் காசு குடுத்து வாங்குறானா?"

"சிங்கப்பூர்க்காரனும் வாங்குதானாம். சலிச்சு மிஞ்சுற சாம்பல்கூட வீணாப் போகாதாம். ரோட்டுக்கு அடியில கொட்டி இறுக்கினா கல்லு மாதிரி நிக்குமாம்."

"அரே! இவ்வளவு விஷயம் இருக்கா?" கட்டியைக் கையில் வைத்து எடை பார்த்தவர், அதை அப்படியே தன் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார். "இதெல்லாம் சர்க்கார் சாமான்மா. உன் இஷ்டத்துக்கு அள்ள முடியாது."

"குப்பைதானேங்கய்யா!"

"நேத்து வரைக்கும் குப்பை. இன்னிக்குச் சர்க்கார் சொத்து. போ, போ."

"அய்யா, நாலு பிள்ளை வச்சிருக்கேன். இந்த மழைக்கு முன்னால இது நடக்கலைன்னா எம் பிள்ளைங்க பாடு பெரும்பாடுய்யா!" அவள் அழுதேவிட்டாள். அந்த அழுகையில் பொய்யில்லை.

கோவிந்தராஜ் ஃபைல் கட்டை இழுத்துவைத்துக்கொண்டார்.

சர்க்கார் ஆபீஸ் இவ்வளவு வேகமாக வேலை செய்து யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். மூன்றாம் நாள் லாரி வந்துவிட்டது. இருபது ஆள், பத்து சல்லடை, இரும்பு பொறுக்க ஒரு காந்தம், காவலுக்கு ஒரு சௌக்கிதார். குடை பிடித்துக்கொண்டு படா பாபுவே நேரில் நின்றார்.

ஆரோக்கியசெல்வி தினமும் வேலி ஓரம் வந்து நின்றாள்.

"அய்யா, அந்த மூலையில கிடக்கதையாவது விட்டுட்டுப் போங்கய்யா!"

"டேய், அந்த மூலையை முதல்ல அள்ளு!" என்று கத்தினார் கோவிந்தராஜ். "ஒரு பிடி இருக்கக் கூடாது. தரையைப் பெருக்கி எடு!"

பெருக்கியே எடுத்தார்கள். செம்பும் பித்தளையும் ஈயமும் கோணி மூட்டைகளில் மெட்ராஸ் கப்பல் ஏறின. மிச்சச் சாம்பல் வண்டூர் ரோட்டுக்குப் போனது. இவள் மறுபடி கைவைத்துவிடக் கூடாது என்று, இனி ஊருக்கு வெளியே வேலி போட்ட இடத்தில்தான் குப்பை எரிக்க வேண்டும் என்று உத்தரவும் வந்தது.

அடுத்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடாமல் கொட்டி ஓய்ந்தது. கடலுக்குப் போக முடியாமல் வீட்டில் கிடந்த தாமஸ், மனைவி ஆரோக்கியசெல்வியைப் பார்த்துப் பொரிந்து தள்ளினான்.

"ஏட்டி, உனக்குக் கூறு இருக்கா? சத்தம் காட்டாம நாமளே சலிச்சிருந்தா இந்நேரம் படகுக்கு எஞ்சினே வாங்கியிருக்கலாம். ஆபீஸ்ல போய்க் கட்டியைக் காட்டி, கப்பல் கதையெல்லாம் சொல்லி, கூப்பிட்டுக் குடுத்துட்டு வந்து நிக்கியே! அந்தாளு பேரு வாங்கிட்டான், உனக்கு என்ன கிடைச்சுது?"

அவள் பின்பக்கம் போய்க் கிணற்றில் வாளியை விட்டு இழுத்து, ஒரு செம்பு தண்ணீரை அவன் கையில் கொடுத்தாள். தாமஸ் குடித்தான். செம்புக்குள் குனிந்து பார்த்தான். அடி தெரிந்தது.

"என்னட்டி இது, மழைக்கப்புறமும் தண்ணி தெளிஞ்சு கிடக்கு?"

"பின்னே? மேடு போயிடுச்சுல்லா!" ஆரோக்கியசெல்வி வாய்விட்டுச் சிரித்தாள். "சாம்பல் கரைஞ்சு கிணத்துல இறங்குது, பிள்ளைங்க வயித்தாலே போய்ச் சாகக் கிடக்கு, அள்ளிட்டுப் போங்கய்யான்னு ஏழு வருசமா ஏழு மனு போட்டேன், ஒருத்தன் பிரிச்சுப் பார்க்கலை. அதான் எட்டாவது மனுவுல, 'எனக்குக் குடுங்க'ன்னு எழுதினேன்."