அவார்டு படம்

வாரம் முழுக்க மில்லில் நின்ற கால் குருவம்மாளுக்குக் கடுத்தது. ஆனாலும் ஞாயிறு மதியம் அசீனா வீட்டு டிவியில் ஓடும் அவார்டு படத்தை விடமாட்டாள்.

"இதப் போயி பாக்கீகளேக்கா! எருமகூட வெரசா நடக்கும்" என்றாள் அசீனா.

"மெதுவா நடந்தாத்தானட்டி மொகம் தெரியும்."

சோறு கிடையாது என்று குருவம்மாள் கத்தியதில் சேத்தூர் ரோட்டில் இறங்கிப் போன புருஷன் இரண்டு வருஷமாகத் திரும்பவில்லை. மூன்று வாரமாக, மூன்று வேறு பாஷைப் படங்களில், தூரத்து ரோட்டில் அவன் நொண்டியபடி வந்துகொண்டிருந்தான். வாராவாரம் கிட்டே வந்தான்.

இன்று வந்தேவிட்டான். ஒரு வாசலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தட்டு வைக்க எப்போதும் செய்வதுபோல், எதிரே தரையை உள்ளங்கையால் துடைத்தான். காமிரா அசையவில்லை.

குருவம்மாள் வீட்டுக்கு ஓடிச் சோற்றுச் சட்டியோடு வந்தபோது, படத்தில் வெறும் வாசல்தான் இருந்தது.

"செத்த நேரம் நம்மளையே பாத்தான்க்கா. பொறவு எந்திரிச்சுப் போயிட்டான்" என்றாள் அசீனா.

அவனுக்கு ஒரு வேளைச் சோறு இன்னும் பாக்கி.