மேலிடத்துக்குப் போன படம்

ஆபீஸில் எல்லோரும் நிதானம் என்று கூப்பிடுகிற மனிதர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, போனைத் தூக்கிக் கணினித் திரையைப் படம் எடுத்தார். அதை 'மேலிடம்' என்ற பெயருக்கு அனுப்பிவிட்டு, ஒன்றும் அறியாதவர் போலத் தண்ணீர் குடித்தார்.

பின் வரிசையில் உட்கார்ந்திருந்த, மென்பொருளைச் சோதிக்கிற டெஸ்டர் பெண் அத்தனையையும் பார்த்துவிட்டாள். நேரே மேடத்தின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

மேடம்தான் அந்த டீமுக்குத் தலைவி. ஆஸ்பத்திரியில் நோயாளிக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் கருவிக்கு மென்பொருள் எழுதுகிற சின்னக் கம்பெனி அது. இப்போதெல்லாம் அங்கே பிழை திருத்துவது ஏஐ ஏஜென்ட் என்கிற செயற்கை நுண்ணறிவு. அது பாட்டுக்குக் கோடில், அதாவது மென்பொருள் வரிகளில், பிழையைக் கண்டுபிடிக்கும், திருத்தமும் எழுதிவிடும்.

ஆனால் எழுதியதை நேரே கோடுக்குள் நுழைக்க அதற்கு அனுமதி இல்லை. முதலில் முன்னோட்டம் காட்ட வேண்டும். நீங்கப்போகும் வரிகள் சிவப்பில் தெரியும், புதிதாகச் சேரப்போகும் வரிகள் பச்சையில் தெரியும். முன்பெல்லாம் பக்கத்தில் கழித்தல், கூட்டல் குறியும் இருக்கும். புது வெர்ஷனில் திரை அழகாக இருக்கட்டுமென்று அதை எடுத்துவிட்டார்கள். ஒரு மனுஷர் பார்த்து ஒப்புதல் கொடுத்தால்தான் கோடில் ஒரு எழுத்தாவது மாறும்.

ஒரு தடவை யாரோ பார்க்காமலேயே ஒப்புதல் கொடுத்துத் தொலைத்தார்கள். அளவு மீறினால் மருந்தை நிறுத்துகிற வரியையே, இது எதற்கு என்று ஏஜென்ட் தூக்கிவிட்டிருந்தது. கருவி ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் டெஸ்டர் பெண் கண்டுபிடித்ததால் தலை தப்பியது. அன்றைக்கே முன்னோட்டம் பார்க்கிற பொறுப்பு நிதானத்தின் கைக்கு வந்தது.

அந்தப் பட்டப்பெயரும் சும்மா வந்ததல்ல. காபி மெஷினில் சிவப்பு விளக்கு பச்சையாக மாறின பிறகும், பக்கத்தில் நிற்பவரிடம் "ஆயிடுச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கோப்பையை எடுப்பார். அப்பேர்ப்பட்ட ஜாக்கிரதைக்காரர்.

அவரா இப்படி? மேடத்தால் நம்ப முடியவில்லை. டெஸ்டர் பெண்ணோ விடுவதாக இல்லை. புது வெர்ஷன் வந்ததிலிருந்து தினமும் இதே கூத்துதானாம். ஒவ்வொரு முன்னோட்டமும் 'மேலிடம்' என்ற யாருக்கோ படமாக வெளியே போகிறதாம்.

"அங்கருந்து பதில் வந்தாத்தான் மேடம் இவரு ஒப்புதல் பட்டன்லயே கை வைக்கிறாரு. ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க?"

மேடம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். போட்டிக் கம்பெனி ஒன்று இவர்களுடைய அதே வசதியோடு கருவியை இறக்கியதிலிருந்து, உள்ளேயே ஒரு கறுப்பு ஆடு இருக்கிறது என்று முதலாளி குதித்துக்கொண்டிருக்கிறார். ஆள் யாரென்று தெரிந்தால் அன்றோடு சீட்டுக் கிழிந்துவிடும்.

போதாக்குறைக்கு, நிதானத்தை வேலைக்குச் சேர்த்ததே மேடம்தான். ஐம்பது வயதுக்கு மேல் வேலை போய், மகளின் காலேஜ் படிப்பு பாதியில் நிற்க, நடையாய் நடந்துகொண்டிருந்த மனிதர். வயசானவர் வேண்டாம் என்ற முதலாளியிடம் சண்டை போட்டு உள்ளே கொண்டுவந்தாள். உண்ட வீட்டுக்கே ரெண்டகம் செய்துவிட்டாரே என்று அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

விறுவிறுவென்று போய் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். திரையில் ஏஜென்ட் காட்டிய திருத்தம் ஒப்புதலுக்காகக் காத்திருந்தது. இவளைப் பார்த்ததும் அவர் போனைச் சட்டென்று கவிழ்த்து வைத்தார்.

என்ன அது என்று கேட்டாள். வீட்டு விஷயம் என்றார்.

"வீட்டு விஷயத்துக்கு எதுக்கு சார் ஆபீஸ் கோடைப் படம் எடுக்கறீங்க?"

டெஸ்டர் பெண் பின்னாலேயே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"யாரு சார் அந்த மேலிடம்?"

கோபப்படுவார், மழுப்புவார் என்று எதிர்பார்த்த மேடத்துக்கு, அவர் கண் கலங்கியது இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்.

"இதை மட்டும் கேக்காதீங்க மேடம். தெரிஞ்சா இந்த வேலைக்கே நான் லாயக்கில்லன்னு அனுப்பிடுவீங்க. எம் பொண்ணுக்கு இன்னும் ஒரு வருஷம் படிப்பு இருக்கு."

இதற்கு மேல் என்ன வாக்குமூலம் வேண்டும்? முதலாளியிடம் வந்து நீங்களே சொல்லிவிடுங்கள் என்றாள் மேடம். அவர் மறுபேச்சில்லாமல் எழுந்தார்.

அந்த நேரம் பார்த்து மேஜை மேலிருந்த போன் அடித்தது. மேடம் அதைத் திருப்பினாள். மேலிடமேதான். அனுப்பிய பதிலை இவர் இன்னும் பார்க்கவில்லையே என்று அந்தப் பக்கத்துக்குப் பொறுக்கவில்லை போலும். அவர் கை நீட்டுவதற்குள் மேடம் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

குக்கர் விசிலுக்கு நடுவே ஒரு பெண் குரல் அவசரமாகப் பேசியது.

"ஏங்க, இந்தத் தடவை பச்சையே இல்லீங்க, மூணு வரியும் சிவப்பு."