இறக்கின பிறகுதான் புளி

பழிவாங்குவது என்று முடிவுகட்டியதும் ஞானாம்பிகை முதலில் கையிலெடுத்தது வெந்தயப் போத்தலைத்தான். அதைக் குலுக்கிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள் பாருங்கள், பிரிட்ஜுக்குள் இருந்த பால் அப்படியே திரைந்துபோனதாகக் கேள்வி.

தொலைபேசியின் மறுமுனையில் உதயகலா, நமசிவாயத்தாரின் தம்பி மனைவி. நமசிவாயத்தார் ஞானாம்பிகையின் கணவர். இவர்கள் வீடு அளவெட்டியில், அவள் வீடு சண்டிலிப்பாயில்.

"அக்கா, வெள்ளிக்கிழமை மத்தியானம் கனடா மச்சாள் ஆக்களைச் சாப்பிடக் கூப்பிட்டிட்டன். இந்த வெக்கைக்கு லேசாய்ச் சமைக்க ஏதும் சொல்லித் தாங்கோவன்."

"அதுக்கென்ன, கவனமாய்க் கேள். வெந்தயக் குழம்பு, சொதி, மாங்காய்ச் சம்பல், மோர்மிளகாய். காணும். வெந்தயம் சிவந்தவுடனை வெங்காயத்தைப் போட்டிடு, கறுக்க விட்டியோ கைச்சுப்போகும். சொதிக்கு அடுப்பாலை இறக்கின பிறகுதான் தேசிக்காய்ப்புளி விடோணும். கொதிக்கேக்கை விட்டால் தேங்காய்ப்பால் திரைஞ்சிடும்."

"நானும் உங்களுக்கு ஒரு குறிப்புச் சொல்லட்டே? வெங்காயம் வெட்டேக்கை வாய் நிறையத் தண்ணி வைச்சிருந்தால் கண் எரியாது."

"அவ்வளவு நேரமும் கதைக்கவும் ஏலாது, என்ன? நல்ல குறிப்படி. நீயே செய்."

சும்மா வந்த கோபமில்லை இது. கனடாவிலிருந்து நமசிவாயத்தாரின் தமக்கை தங்கமுத்து, கன்றுக்குட்டி அளவு பெட்டிகளோடும் ஒரு பட்டாளத்தோடும் கோடைக்குக் கோடை இவர்கள் வீட்டில்தான் வந்திறங்குவாள். உதயகலா புதுச்சீலை சரசரக்க வந்து சாப்பாட்டை ஒரு பிடி பிடிப்பாள். "எனக்கு உந்தக் கைப்பக்குவம் வராது. அக்காதான் சமையலறை ராணி" என்று சொல்லிவிட்டு, ஈரக்கை காயமுன்னமே நல்லூர்த் திருவிழாவுக்குப் போய்விடுவாள்.

போகிறவள் சும்மா போகிறாளா? தேருக்கு முன்னால் பல்லெல்லாம் தெரிய நின்று படமெடுத்து வைபரில் அனுப்புவாள். ஐந்து வருசமாக ஞானாம்பிகை முருகனின் தேரைப் பார்த்தது அடுப்புப் புகைக்குள் நின்று, அந்தப் பல்லுகளுக்குப் பின்னால்தான். தேருக்கென்று வாங்கிய சீலை அலுமாரியில் மடிப்புக் கலையாமல் கிடந்தது.

இந்தமுறை தங்கமுத்து பகிடியாக, "உதயா தேத்தண்ணி வைச்சாலும் அடிப்பிடிக்கும்" என்று சொன்னது உதயகலாவுக்குச் சுட்டுவிட்டது. அதுதான் இந்த வெள்ளிக்கிழமை விருந்து.

இரவுச் சாப்பாட்டில் நமசிவாயத்தார் மெல்லக் கேட்டார். "இஞ்சேரப்பா, தம்பி பெண்சாதிக்கு வேணுமெண்டு பிழையாய்ச் சொல்லிப்போட்டீரோ?"

"முருகனாணை, ஒரு சொல்லும் பிழையாய்ச் சொல்லேல்லை."

"பிறகேன் உந்தச் சிரிப்பு?"

"சாப்பிடுங்கோ."

"எங்கையப்பா சாப்பிடுறது? இந்தக் கிழமை முழுக்கக் கறியிலை உப்புமில்லை, புளியுமில்லை. அக்காவும் முகத்தைச் சுளிக்கிறா."

"வயசு போகுதெல்லே. கை மறந்து போச்சு."

வெள்ளிக்கிழமை தங்கமுத்துவின் பட்டாளம் வாடகைக்கு ஒரு வான் பிடித்துச் சண்டிலிப்பாய்க்கு முதலே போய்விட்டது. ஞானாம்பிகை பிந்தித்தான் ஓட்டோவில் வந்து சேர்ந்தாள். பின்சீட்டில் இடமில்லாமல் நமசிவாயத்தார் சாரதியோடு ஒட்டிக்கொண்டு, பாதி உடம்பு றோட்டில் தொங்கத் தொங்க வந்தார்.

"தம்பி, போயிடாதையும். கொஞ்சம் நில்லும்" என்று ஓட்டோக்காரரிடம் சொல்லிவிட்டு ஞானாம்பிகை உள்ளே போனாள்.

வாழையிலையில் சோறு விழுந்தது. குழம்பு விழுந்தது. தங்கமுத்து ஒரு வாய் வைத்துக் கண்ணை மூடினாள். மூடிய கண் திறக்கவில்லை. உதயகலாவின் முகம் வெளுத்துச் சுண்ணாம்பாய்ப் போனது. நமசிவாயத்தார் எதற்கும் இருக்கட்டுமென்று தண்ணீர்ச் செம்பைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"உதயா!" தங்கமுத்து கத்திய கத்தலில் வேலியில் இருந்த காகமெல்லாம் காங்கேசன்துறைக்குப் பறந்தது. "இது உன்ரை கையோடி? அமிர்தமெல்லோ! ஜெயதீபன், அந்தச் சொதிச் சட்டியை இஞ்சாலை தள்ளு!"

மகன் ஜெயதீபன் தள்ளவில்லை. அவன் அதைக் கோப்பை கோப்பையாகக் குடித்துக்கொண்டிருந்தான். சட்டியைச் சுரண்டிய சத்தம் சங்கானைச் சந்தைக்கே கேட்டிருக்கும்.

ஞானாம்பிகை தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டாள். ஊரெல்லாம் மெச்சிய அவள் சமையல் ஒரே பந்தியில் கவிழ்ந்துவிட்டது. மனைவியைப் பார்க்க நமசிவாயத்தாருக்கே பாவமாக இருந்தது.

தங்கமுத்து கை கழுவ மனமில்லாமல் விரலைச் சூப்பினாள். "அடுத்த கிழமை கொடியேறுது. தேர் முடியுமட்டும் நாளுக்கு நாள் இப்பிடிச் சாப்பிட்டால் எப்பிடியிருக்கும்!"

உதயகலாவின் கால் நிலத்தில் இல்லை. "உங்களுக்கில்லாத சாப்பாடோ மச்சாள்? எத்தினை நாளெண்டாலும் சமைச்சுப் போடுறன்!" என்றவள், ஞானாம்பிகையின் பக்கம் திரும்பிப் புருவத்தை உயர்த்தினாள். "இனி ஆரக்கா சமையலறை ராணி?"

"நீதான் பிள்ளை. நான் தோத்துப்போனன்."

ஞானாம்பிகை எழுந்து, ஆறுதலாகக் கை கழுவி, சீலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வாசல் படலையடிக்குப் போனாள். ஓட்டோவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"தம்பி, கனடாப் பெட்டியள் எல்லாத்தையும் இஞ்சை இறக்கும்!"