கல் எந்தப் பக்கம்?

"பூச்சியமோ? முழுப்புள்ளி போடுங்கோ, சேர்." ஆரணியின் பௌதிகவியல் விடைத்தாளைச் சுபாஸ்கரன் சேரின் மேசையில் திரும்பவும் வைத்தார் வினிபிரட் ரீச்சர்.

தராசின்மேல் ஒரு வாளி தண்ணீர். நூலில் தொங்கும் கல்லொன்று அடியைத் தொடாமல் அதற்குள் அமிழ்ந்திருக்கிறது. தராசு எவ்வளவு காட்டும் என்பதுதான் கேள்வி.

"புள்ளித்திட்டத்திலை வாளியையும் தண்ணியையும் சுத்தித்தான் எல்லை கீறிக்கிடக்கு. உவள் கல்லையும் உள்ளுக்கை எடுத்திட்டாள்."

"எடுக்கட்டும். மூண்டின்ரை நிறையையும் கூட்டி, நூலின்ரை இழுவையைக் கழிச்சிருக்கிறாள். விடை ஒண்டுதானே? எல்லையை எங்கை கீறுறது எண்டது அவளின்ரை விருப்பம்."

"விடுங்கோ, ரீச்சர்."

"விடமாட்டன். இந்தப் புள்ளி இல்லாட்டில் பிள்ளை மாகாணப் போட்டிக்குப் போகேலாது. அதிபரிட்டைப் போவமோ?"

சுபாஸ்கரன் அலுப்போடு பூச்சியத்தை வெட்டி முழுப்புள்ளி போட்டார்.

"ஆரணி உங்களுக்குச் சொந்தமோ?"

"இல்லை. பக்கத்து வீடு."

"அதுதானே பார்த்தன். அயலட்டையை விட்டுக்குடுப்பியளே!"

வினிபிரட்டின் கைபேசி அடித்தது. கணவர்.

"ஓமப்பா, நாளைக்கு லீவு எடுத்திட்டன். கோட்டுக்குக் கட்டாயம் வருவன். எங்கடை காணிக்குள்ளை தள்ளிப் போட்ட வேலியை அந்த மனிசன் பிடுங்குமட்டும் வழக்கை விடமாட்டன்."

"ஆர் ரீச்சர், அந்த மனிசன்?"

"ஆரணியின்ரை தகப்பன்."

சுபாஸ்கரன் விடைத்தாளைப் பார்த்தார். பிறகு ரீச்சரைப் பார்த்தார்.

"பிள்ளையின்ரை கணக்குச் சரி, சேர்" என்றார் வினிபிரட். "தகப்பன்ரை வேலிதான் பிழை."