மாநாடு தந்த துணிச்சல்

"மண்டபத்துக்கு முன்பணம் குடுத்தாச்சு, ஊர்பூரா பத்திரிகை வச்சாச்சு, இப்பப் போய்..."

"இன்னும் கல்யாணம் ஆகலையேப்பா, அதனாலதான் நிறுத்தச் சொல்றேன்!"

கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிட வேண்டும் என்று மாப்பிள்ளை நேற்றுத்தான் சொல்லியனுப்பியிருந்தார். இதற்குப் போய் மகள் இந்தக் குதி குதிக்கிறாளே என்று அப்பாவுக்கு எரிச்சல்.

"கட்டிக்கப் போறவர் சொன்னா கேட்டு நடக்கணும்மா. அதுதான் குடும்பம். உனக்கு ஏது இவ்வளவு துணிச்சல்?"

"போன வாரம் திட்ட மேலாண்மை மாநாட்டுக்குப் போனேனே, அங்க வந்ததுதான். 'இவ்வளவு செலவு பண்ணிட்டோமேன்னு தப்பான திட்டத்தைக் கட்டிக்கிட்டு அழாதீங்க, தப்புன்னு தெரிஞ்ச அன்னிக்கே நிறுத்துங்க'ன்னு மேடையில ஒருத்தர் பேசினார். எழுந்து நின்னு கை தட்டினேன்."

"பாலம் கட்டுறவனுக்குச் சொன்னதை வீட்டுக்குள்ள கொண்டு வர்றியா? எவன் அந்த அதிமேதாவி? என் முன்னால வரச் சொல்லு. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கிறேன்!"

"ஞாயித்துக்கிழமை கல்யாணக் கோட்டுக்கு அளவு குடுக்க இங்க வர்றாரே, அப்பக் கேளுங்க."

அப்பா மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். "யாரு... மாப்பிள்ளையா?"

"அவரேதான். அவர் சொன்னா கேட்டு நடக்கணும்னீங்களே, நடக்கிறேன்ப்பா."